பழைய டிஜிட்டல் ஒலிக்கருவிகளில் பவர் சப்ளை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் என் பழுதுபார்ப்பு மேசைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவை 1980களையும் 1990களையும் சேர்ந்தவை. மெல்லிசைக் குழுக்கள் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்த கீபோர்டுகள், ஒலிப்பதிவுக் கூடம் மூடப்பட்டபோது உரிமையாளரின் வீட்டுக்கு வந்து சேர்ந்த டேட் (டிஜிட்டல் ஒலிநாடா) ரெக்கார்டர்கள், எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட் பெட்டிகள், முதல் தலைமுறை சிடி பிளேயர்கள் ஆகியவை அவற்றில் அடங்கும். சிடி பிளேயர் ஜப்பானில் 1982 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு 1983இலும், டேட் 1987இலும், கோர்க் எம்1 1988இலும் வந்தன. இவற்றின் ஐசிக்கள் பெரும்பாலும் இன்றும் நலமாக இருக்கின்றன. அவற்றுக்குச் சோறு போடும் பவர் சப்ளைதான் முதலில் ஓய்ந்துபோகிறது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று எங்கிருந்து வந்தாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பத்து வருஷமா பரண்ல கிடந்த கீபோர்டு. சும்மா பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் பின்புறப் பட்டையில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் படியுங்கள். 100 அல்லது 120 என்றிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட் அதை நொடியில் எரித்துவிடும். 115/230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால், அது 230 பக்கம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைச் சீரீஸ் பல்பு என்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கருவி தப்பிவிடும். பல்பு ஒரு கணம் மின்னிப் பிறகு மங்கினால், உள்ளே பெரிய ஷார்ட் இல்லை என்று பொருள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. டங்ஸ்டன் இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

எனக்குச் சால்டரிங் வரும். நானே திறக்கலாமா, இல்ல ஆபத்தா?

டிரான்ஸ்பார்மர் உள்ள கருவியாக இருந்து, உங்களுக்கு மல்டிமீட்டரும் பழகியிருந்தால் திறக்கலாம். எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை அதிவேகமாகத் துண்டித்துத் துண்டித்து இறக்கும் சப்ளை) உள்ள கருவி வேறு கதை. அதில் 230 வோல்ட் நேராக டிசியாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ 325 வோல்ட்டாக ஒரு பெரிய கண்டென்சரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நிமிடங்கள், சில சமயம் அதற்கு மேலும், அங்கேயே இருக்கலாம். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தட்டி இறக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது கண்டென்சரையும் கண்ணையும் ஒருசேரக் கெடுக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கம்பிகளோடு பற்றவைத்து, கண்டென்சரின் இரு முனைகளிலும் பதினைந்து நொடி பிடித்து, பிறகு மீட்டரில் அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள். இதைப் படிக்கும்போது கொஞ்சமாவது தயங்கினால், அந்தப் பகுதியை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சுவிட்ச் போட்டா லைட் கூட எரியல. சப்ளைதான் போச்சுன்னு எப்படி உறுதியாச் சொல்றது?

ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். ஃபியூஸ் உள்ளே கறுத்துச் சிதறியிருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. இழை நடுவில் மட்டும் அமைதியாக அறுந்திருந்தால் முதுமையால் போயிருக்கவும் கூடும். அதே மதிப்புள்ள ஃபியூஸையே போட வேண்டும். கம்பி வைத்துக் கட்டிய ஃபியூஸோடு வந்த கருவிகளில், ஃபியூஸ் காப்பாற்றியிருக்க வேண்டிய டிரான்ஸ்பார்மர் கருகிக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், சப்ளை போர்டிலிருந்து முதன்மை போர்டுக்குப் போகும் கனெக்டரில் வோல்டேஜ்களை அளந்து பாருங்கள். டிஜிட்டல் ஐசிக்களுக்கு +5 வோல்ட், ஒலிப் பகுதிக்கு +12, −12 அல்லது +15, −15 வோல்ட் என்பது இந்தக் காலத்துக் கருவிகளின் பொதுவான அமைப்பு. 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். 4.5க்கு இறங்கியிருந்தால், திரையில் குப்பை எழுத்துகள் வருவது, பொத்தான்கள் தாமே அழுந்துவதுபோல் நடப்பது போன்ற பைத்தியக்காரத்தனங்கள் எல்லாம் நடக்கும். அதைப் பார்த்து ‘ஐசி போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அதிகம்.

திருவிழாவுல ராத்திரி பூரா நல்லா ஓடுச்சுண்ணே. கரண்ட் போய் வந்ததும் எந்திரிக்கவே இல்ல. ஹை வோல்டேஜ் அடிச்சிருச்சா?

இருக்கலாம், ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ள கருவி என்றால், பெரும்பாலும் காரணம் அதைவிட எளியது. எஸ்எம்பிஎஸ்ஸின் கட்டுப்பாட்டு ஐசி விழித்தெழுவதற்குத் தேவையான முதல் மின்சாரத்தைச் சேர்த்துத் தரும் சிறிய கண்டென்சர் ஒன்று உண்டு. 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் அளவில், சூடாகும் உறுப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அது உலர்ந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் சப்ளை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் எழாது. அதனால்தான் மின்வெட்டு வரும்வரை நோய் வெளியே தெரிவதில்லை.

ஹேர் டிரையரால் அந்தப் பகுதியை மிதமாகச் சூடாக்கியதும் கருவி எழுந்தால், ஏறக்குறைய அந்தக் கண்டென்சர்தான். கண்டென்சரை மாற்றியும் எழவில்லை என்றால், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் உயர் ஓம் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். அது வெளித்தோற்றத்தில் புத்தம்புதிதாக இருந்துகொண்டே உள்ளே அறுந்திருக்கும்.

பழசைச் சரி பண்றதா, தூக்கிட்டுப் புதுசு போடுறதா? எது நல்லது?

என் வரிசை இதுதான்: பழுதுபார்ப்பது முதலில், அதே இடத்தில் அதே வகையைக் கட்டி வைப்பது இரண்டாவது, கடையில் கிடைக்கும் வேறு சப்ளையைப் பொருத்துவது கடைசி. பழைய சப்ளை அந்தக் கருவிக்காகவே செய்யப்பட்டது. அது கொடுப்பது வோல்டேஜ் மட்டுமல்ல. எந்த வோல்டேஜ் முதலில் எழ வேண்டும், மின்சாரம் நிற்கும்போது யாருக்கு முன்னறிவிப்புப் போக வேண்டும், கிரவுண்டுகள் (மின்சாரம் திரும்பும் பொது முனைகள்) எங்கே சேர வேண்டும் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது. இவற்றில் எதையும் புதிய சப்ளையின் பட்டையில் எழுதியிருக்க மாட்டார்கள்.

டிரான்ஸ்பார்மர் வகைச் சப்ளையைத் தூக்கி எறிய எனக்கு இதுவரை காரணம் கிடைத்ததில்லை. நான்கு டயோடு, சில கண்டென்சர், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் 7805, 7812, 7912 போன்ற ரெகுலேட்டர்கள் என்று அதன் உறுப்புகள் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸில் சிறிய உயர் அதிர்வெண் டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தாலோ, உற்பத்தி நின்றுபோன கட்டுப்பாட்டு ஐசி இறந்திருந்தாலோ, கண்டென்சர் ஒழுகிப் போர்டின் தடங்களை அரித்துத் தின்றிருந்தாலோதான் மாற்றத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் எல்லாத்தையும் மொத்தமா மாத்திட்டா கவலை விட்டுச்சுல்ல?

சப்ளை போர்டில் உள்ளவற்றை மொத்தமாக மாற்றுவதில் தவறில்லை; ஒலிப் பகுதியில் உள்ளவற்றை நோயில்லாமல் தொடாதீர்கள். 85 டிகிரி என்று அச்சிட்டதைத் தவிர்த்து 105 டிகிரி வகையை வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. 2000 மணி நேரம் என்று குறித்த இரண்டு கண்டென்சர்கள் 65 டிகிரியில் வேலை செய்தால், 105 டிகிரி வகை ஏறத்தாழ 32,000 மணி நேரமும், 85 டிகிரி வகை 8,000 மணி நேரமும் தாங்கும். சித்திரை மாத வெயிலில் மினி லாரியின் மேல் தார்ப்பாயால் மூடி எடுத்துச் செல்லப்படும் ராக்குகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

வோல்ட் அளவு கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் அளவை ‘நல்லதுக்குத்தானே’ என்று நான்கு மடங்கு ஏற்றாதீர்கள். சுவிட்ச் போடும் கணத்தில் டயோடுகள் மேல் விழும் அடி கூடிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்கத்தில் உள்தடை குறைந்த, அதிவேகச் சப்ளைக்கென்றே செய்த வகைதான் வேண்டும். சாதாரண வகையைப் போட்டால், மாற்றிய மூன்றாம் மாதம் கருவி மீண்டும் உங்கள் மேசைக்கு வரும்.

படீர்னு ஒரு சத்தம், புகை, தாங்க முடியாத நாத்தம். ஆனா கருவி இன்னும் பாடுது! எப்படி?

மின்சாரம் நுழையும் இடத்தில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இரைச்சலை வடிக்கும் எக்ஸ்2 கண்டென்சர் ஒன்று இருக்கும். அது இல்லாமலும் கருவி ஓடும். அக்காலத்தில் தேன் நிறத்தில் பளபளக்கும் பிசின் உறைக்குள் காகிதம் வைத்துச் செய்த வகை ஒன்று பரவலாக இருந்தது. ஆண்டுகள் போகப்போக உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, காற்றின் ஈரத்தைக் குடித்து, ஒருநாள் இப்படித்தான் வெடிக்கும். பல மாதம் மூடிக் கிடந்த கருவியை மழைக்காலத்தில் முதன்முதலாக இயக்கும்போது இது நடப்பது வழக்கம். எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் பாலிப்ரொப்பிலின் வகையை மாற்றாகப் போடுங்கள். ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கருவியின் உலோக உடலுக்கு இறங்கும் கண்டென்சர்கள் ஒய் வகை. அந்த இடத்தில் வேறெதையும் போடக் கூடாது, ஏனென்றால் அது ஷார்ட் ஆனால் கருவியின் உடலில் நேரடி மின்சாரம் வந்துவிடும்.

அதே நம்பர் சப்ளை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் தேடிட்டேன், கிடைக்கல. எதைப் பார்த்து வேற வாங்கணும்?

சென்னை வரை போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, பழைய சப்ளையை விசாரித்து எழுதுங்கள். அது இறந்திருந்தாலும் பேசும். ஒவ்வொரு கனெக்டரிலும் எத்தனை கம்பிகள், ஒவ்வொன்றின் நிறம், அது போர்டில் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் படம் வரைந்து, கைப்பேசியில் நான்கு கோணத்தில் புகைப்படமும் எடுங்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் ஐசிக்களின் எண்களே பாதி விடையைச் சொல்லிவிடும்: 7815 இருந்தால் +15, 7915 இருந்தால் −15. வெளியீட்டுக் கண்டென்சர்களில் அச்சிட்ட வோல்டேஜும் துப்புக் கொடுக்கும். 10 வோல்ட் கண்டென்சர் இருக்கும் தடம் 5 வோல்ட்டாகவும், 25 வோல்ட் கண்டென்சர் இருக்கும் தடம் 12 அல்லது 15 வோல்ட்டாகவும் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் துப்பு வேறு, சாட்சி வேறு. சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதையே நம்புங்கள்.

இரண்டாவது, இந்த வோல்டேஜ்களில் சேராத கம்பிகளைத் தேடுங்கள். அறியாதவர் கை வைத்து மாட்டிக்கொள்வது இங்கேதான். திரைக்குப் போகும் −25 முதல் −30 வோல்ட், அதனோடு போகும் ஒரு சோடி ஏசி கம்பிகள், ரீசெட் என்றோ பவர் ஃபெயில் என்றோ எழுதிய ஒற்றைக் கம்பி ஆகியவை அத்தகையவை. கடையில் வாங்கும் எந்தச் சப்ளையும் இவற்றைத் தராது. இவற்றைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் கடைக்குப் போவது. +5, +12, −12 மூன்றும் தரும் உலோகப் பெட்டிச் சப்ளைகள் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று இன்றும் உற்பத்தியாகின்றன. மீன்வெல் ஆர்டி-65பி அத்தகையது, அதன் ‘சி’ வகை +5, +15, −15 தரும். இப்படிப்பட்டவற்றில் 5 வோல்ட் மட்டும் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டு, மற்ற இரண்டும் அதைச் சார்ந்து கொஞ்சம் ஆடுவது சகஜம். அதனால் ±12 வேண்டிய கருவிக்குக்கூட நான் ±15 சப்ளையை வாங்கி, 7812, 7912 வழியாக இறக்கிக் கொடுக்கிறேன். சுத்தமான வோல்டேஜ் கிடைக்கிறது. இரைச்சலும் பெருமளவு வடிகிறது. 7912ஐப் பொருத்தும்போது ஒன்றை மறவாதீர்கள்: 7812இன் கால்கள் உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு என்று வரும், 7912இல் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. அதன் முதுகுத் தகடும் கிரவுண்டில் இல்லை, உள்ளீட்டில் இருக்கிறது. நடுவே மைக்காக் காப்புத் தகடு இல்லாமல் உடலோடு முறுக்கினால் நேராக ஷார்ட்.

வோல்ட் தெரிஞ்சிருச்சு. எத்தனை ஆம்பியர் வேணும்னு எங்கேயும் எழுதலியே?

பழைய சப்ளை உயிரோடு இருந்தால் அளந்துவிடலாம். ஒவ்வொரு வழியிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள்; 10 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது. மல்டிமீட்டரையே ஆம்பியரில் வைத்துத் தொடராக இணைத்தால், அதன் கம்பிகளிலேயே வோல்டேஜ் இழந்து கருவி தடுமாறும். அளக்கும்போது கருவியை முழுவேலை வாங்குங்கள்: டேட் என்றால் நாடாவை உள்ளே இழுக்கும் நேரம், சிடி என்றால் தட்டு சுழலத் தொடங்கும் நேரம். மோட்டார் புறப்படும்போது இழுப்பது, ஓடும்போது இழுப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கிடைத்த உச்ச அளவோடு பாதியைச் சேர்த்து வாங்குங்கள்.

பழையது இறந்திருந்தால், பின்பட்டையில் உள்ள வாட் அளவு மேல் எல்லையைச் சொல்லும். 30 வாட் என்று எழுதிய கருவிக்கு 65 வாட் சப்ளை தாராளம். தேவைக்கு மேல் ஆம்பியர் உள்ள சப்ளை கருவிக்குள் மின்சாரத்தைத் திணிக்காது. வேண்டியதைக் கருவிதான் இழுத்துக்கொள்ளும். இதை விளக்கிச் சொல்லியும் நம்பாமல் போனவர்கள் உண்டு.

வீட்டுல பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் சும்மா கிடக்கு. +5, +12, −12 எல்லாம் இருக்கே, அதையே போட்டா என்ன?

மேசையில் வைத்துச் சோதிக்க அது அருமையான பொருள். பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் ஓடத் தொடங்கிவிடும். நிரந்தரமாக வைக்கப் பரிந்துரைக்க மாட்டேன். −12 வோல்ட்டில் அது தரும் ஆம்பியர் மிகக் குறைவு, விசிறிச் சத்தம் ஒலிப்பதிவில் ஏறும், லோடு போதாவிட்டால் பல சப்ளைகளில் வோல்டேஜ் ஆடும். சில கருவிகள் கேட்கும் −5 வோல்ட், பின்னாளில் வந்த கணினிச் சப்ளைகளில் நீக்கப்பட்டும்விட்டது.

எஃபெக்ட் பெட்டிக்கு 9 வோல்ட் அடாப்டர் மாத்திப் போட்டேன். லைட் எரியுது, சத்தம் மட்டும் வரல. ஏன்?

பழைய அடாப்டர் தந்தது ஏசியா டிசியா என்று பார்த்தீர்களா? அலிசிஸ் மிடிவெர்ப், குவாட்ராவெர்ப் போன்ற அக்காலப் பெட்டிகள் 9 வோல்ட் ஏசியைக் கேட்டன. உள்ளே வந்த ஏசியின் ஒரு பாதியிலிருந்து நேர் வோல்டேஜையும் மறு பாதியிலிருந்து எதிர் வோல்டேஜையும் அவையே செய்துகொள்ளும். டிசி கொடுத்தால் எதிர்ப் பக்கம் பிறக்கவே பிறக்காது. டிஜிட்டல் பகுதி விழித்துக்கொள்ள, ஒலிப் பகுதி ஊமையாகக் கிடக்கும். 9 வோல்ட் ஏசி தரும் சிறு டிரான்ஸ்பார்மர் போதும். அதற்கு நேர், எதிர் முனைகளும் கிடையாது.

டிசி கேட்கும் கீபோர்டுகளில் முனை முக்கியம். பழைய காசியோ கீபோர்டுகளில் பிளக்கின் நடுமுனை எதிர். யமஹா வீட்டுக் கீபோர்டுகளில் நடுமுனை நேர். செருகும் துளைக்குப் பக்கத்தில் உள்ள சிறு படத்தைப் பாருங்கள்.

ஜப்பான்ல இருந்து வந்த 100 வோல்ட் செட்டு. கடையில 110 வோல்ட் ஸ்டெப் டவுன்தான் இருக்கு. பத்து வோல்ட்டு என்ன பண்ணிரும்?

110 என்பது 230 உள்ளே வரும்போது. சுவரில் 245 இருக்கும் நேரத்தில் அது 117 தரும். 100 வோல்ட் கருவிக்கு அது 17 விழுக்காடு அதிகம். ரெகுலேட்டருக்கு முன்னால் 10 வோல்ட் இருந்த இடத்தில் 11.7 வரும். 5 வோல்ட்டாக இறக்க அது எரித்துத் தள்ள வேண்டியது 5 வோல்ட்டிலிருந்து 6.7 ஆகிறது, அதாவது, வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஓடும், ஆனால் மேலே சொன்ன கண்டென்சர் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் கருவியைத் திறந்து டிரான்ஸ்பார்மரைக் கவனியுங்கள். ஒரே டிரான்ஸ்பார்மரை எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் செய்து, வேண்டாத முனைகளை இணைக்காமல் விட்டிருப்பார்கள். 220, 240 என்று எழுதிய முனைகள் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கக் கூடும். இல்லையென்றால் 100 வோல்ட்டுக்கென்றே, கருவியின் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும்படி, முதன்மைச் சுற்றும் துணைச் சுற்றும் பிரிந்த டிரான்ஸ்பார்மராகக் கட்டி வாங்குங்கள். ஒரே சுற்றில் முனை எடுத்த ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் பொதுமுனை அறுந்தால் முழு 230ம் கருவிக்குப் போகும்.

நம்ம ஊர்ல மோட்டார் காயில் கட்டுறவர் டிரான்ஸ்பார்மரும் கட்டித் தர்றேங்கிறார். நம்பலாமா?

டிரான்ஸ்பார்மர் கட்டிப் பழகியவர் என்றால் தாராளமாக நம்பலாம். ஸ்டெபிலைசர் வேலை செய்தவர்களுக்கு இது கைவந்த கலை. எரிந்துபோன பழைய டிரான்ஸ்பார்மரைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு சுற்றிலும் கம்பி எத்தனை முறை சுற்றியிருக்கிறது, எந்தக் கேஜ் கம்பி என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். முதன்மைச் சுற்றுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே காப்புத் தாள் பல அடுக்கு வைக்கவும், முடித்தபின் வார்னிஷில் முக்கி உலர்த்தவும் வற்புறுத்துங்கள். வார்னிஷ் சரியாக இறங்காவிட்டால் டிரான்ஸ்பார்மர் முனகும். நள்ளிரவில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த முனகல் பெரிய தொல்லை.

புது சப்ளையை நேரா மாட்டி சுவிட்ச் போடவா?

கூடாது. முதலில் கருவியோடு இணைக்காமல், பொய் லோடு வைத்து ஓட்டுங்கள். 5 வோல்ட்டுக்கு 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். அதில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டுகளுக்குப் பைக் இண்டிகேட்டர் பல்பு போதும். அரை மணி நேரம் ஓடவிட்டு வோல்டேஜ்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கனெக்டரை மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு முனையிலும் வர வேண்டியதுதான் வருகிறதா என்று உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். 5 வோல்ட் தடத்தில் 12 ஏறினால் அங்கே உள்ள ஐசிக்கள் அனைத்தும் ஒரே நொடியில் போய்விடும். அக்காலத்து டிடிஎல் வகை டிஜிட்டல் ஐசிக்களின் தாங்கும் எல்லையே 7 வோல்ட்தான். என் தொடக்க காலத்தில் ஒரு கனெக்டரைத் தலைகீழாக மாட்டி, ஒரு மாதிரிப்பதிவுக் கருவியை (சாம்ப்ளர்) நானே கொன்றிருக்கிறேன். உரிமையாளர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்கு, பாட்டும் வருது. டிஸ்ப்ளே மட்டும் இருட்டா இருக்கே?

நீலப்பச்சை நிறத்தில் ஒளிரும் கண்ணாடித் திரையா? அது வெற்றிடக் குழாய் வகை. அதற்கு மெல்லிய இழையைச் சூடாக்க 3 முதல் 5 வோல்ட் வரை ஏசியும், அதற்கு மேல் −25 முதல் −30 வோல்ட் டிசியும் வேண்டும். முன்பு சொன்ன ‘சேராத கம்பிகள்’ இவைதான். இழைக்கு டிசி கொடுத்தாலும் எரியும், ஆனால் திரையின் ஓர் ஓரம் பளிச்சென்றும் மறு ஓரம் மங்கலாகவும் இருக்கும். திரைக்கென்று தனியாக ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் கட்டி வைப்பதே நான் கண்ட எளிய வழி.

எல்லா வோல்டேஜும் இருக்கு, டிஸ்ப்ளேயும் எரியுது. ஆனா பத்துல மூணு தடவைதான் சரியா பூட் ஆகுது.

ரீசெட் கம்பியை எங்கே விட்டீர்கள்? 5 வோல்ட் நிலைபெற்ற பிறகு சில நூறு மில்லிநொடி பொறுத்துத்தான் செயலி ஓடத் தொடங்க வேண்டும். மின்சாரம் நிற்கும்போது, 5 வோல்ட் சரிவதற்கு முன்பே அது நிறுத்தப்பட வேண்டும். பல கருவிகளில் இந்த இரண்டு வேலைகளும் பழைய சப்ளை போர்டில்தான் நடந்தன. 5 வோல்ட்டைக் கண்காணித்து ரீசெட் தரும் மூன்று கால் ஐசிக்கள் தனியாகக் கிடைக்கின்றன. பழைய கம்பியில் ஓடும்போது உயர்நிலையா தாழ்நிலையா என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதை வையுங்கள்.

அந்தக் கம்பியை அப்படியே 5 வோல்ட்டோடு கட்டிவிடுவது சுலபம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். கருவியும் எழுந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும், சாகப்போகும் செயலி நினைவகத்தில் கண்டபடி கிறுக்கிவிட்டுப் போகும். ஒலிகள் மெல்ல மெல்லக் கெடும்.

சப்ளை வேலை பார்த்ததுல இருந்து நான் பண்ணி வச்ச டோன் எல்லாம் காணோம்!

ஒன்று, முந்தைய பதிலில் சொன்ன காரணம். மற்றொன்று, உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. அதன் வயது கருவியின் வயதாகவே இருக்கும். வேலை தொடங்குவதற்கு முன், கருவி இன்னும் எழுகிறது என்றால், மிடி (கருவியையும் கணினியையும் பேசவைக்கும் இணைப்பு) வழியாக ஒலிகளைக் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். டிஎக்ஸ்7 தன் 32 ஒலிகளையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடும். பேட்டரியைப் பிடுங்கியபின் சேமிக்க எதுவும் இருக்காது.

புது எஸ்எம்பிஎஸ் போட்டதும் பின்னால ‘ஙொய்’னு ஒரு சத்தம். முன்னாடி இல்லியே?

சத்தத்தை முதலில் அடையாளம் காணுங்கள். கனத்த உறுமல் என்றால் கிரவுண்ட் தவறு. மெல்லிய சீழ்க்கை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் அதிவேகத் துடிப்பு ஒலிப் பகுதிக்குள் கசிகிறது. பழைய சப்ளையில் டிஜிட்டல் கிரவுண்ட், ஒலி கிரவுண்ட், உடல் மூன்றும் ஒரே ஒரு புள்ளியில் சேர்ந்திருக்கும். புதியதில் நீங்கள் இரண்டு மூன்று இடங்களில் சேர்த்திருந்தால் அந்த வளையத்தில் உறுமல் பிறக்கும்; எங்குமே சேர்க்காவிட்டால் அதைவிட மோசம்.

சீழ்க்கைக்கு, ±12 வழிகளில் 100 மைக்ரோஹென்றி சுருளும் அதன் பின்னால் 470 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வையுங்கள்; சப்ளைக் கம்பிகளைச் சோடியாக முறுக்கி, ஒலி போர்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். டிரான்ஸ்பார்மர் சப்ளையோடு பிறந்த கருவிக்கு டிரான்ஸ்பார்மர் சப்ளையே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

கீபோர்டைத் தொட்டா சுரீர்ங்குது. மைக்ல உதடு பட்டா பாட்டுக்காரர் துள்ளுறார். புது சப்ளைதான் காரணமா?

ஒரு வகையில் ஆம். எஸ்எம்பிஎஸ்ஸின் ஒய் கண்டென்சர்கள் இரண்டும் உடலை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நட்டநடுவில் கட்டிவைக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் உடல் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். ஓடும் மின்சாரம் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. உங்கள் பழைய கருவி இரண்டு கம்பி வயரோடு, சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறியோடு வந்திருந்தால், அதற்குள் எர்த் கேட்கும் உலோகப் பெட்டிச் சப்ளையை வைத்த கணமே அது மூன்று முனை வயர் வேண்டும் கருவியாக மாறிவிட்டது. வயரை மாற்றி, எர்த்தை உடலோடு பல்வாஷர் வைத்து முறுக்குங்கள். 230 வோல்ட் பகுதிக்கும் மற்றவற்றுக்கும் 8 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உறுமல் போவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவர்களிடம் மட்டும் நான் குரலை உயர்த்துவேன். உறுமலை ஒலிக் கம்பியில் டிஐ பாக்ஸ் (ஒலியை மட்டும் கடத்தி, கிரவுண்டைப் பிரித்து வைக்கும் சிறு பெட்டி) வைத்து நிறுத்தலாம்.

பழைய சப்ளை போர்டைக் காயலான் கடைக்குப் போடலாமா?

அதன் கனெக்டர்கள் இன்று கிடைப்பதில்லை. அவற்றை வெட்டி எடுத்துத்தான் புதிய சப்ளையின் கம்பிகளில் பற்றவைக்கப் போகிறீர்கள். மீதிப் போர்டை உங்கள் நோட்டோடு ஒரே உறையில் போட்டு, கருவியின் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த முறை அதைத் திறக்கப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.